அக்கரை எக்கரை?

“கல்முனை இலங்கையின் கிழக்கே இருக்கின்றது. கல்முனைக்குக் கிழக்கே கடல் இருக்கின்றது.” இவ்விரண்டு சிறு வாக்கியங்களையும் ஆங்கிலத்திலே பெயர்த்தெழுதும்படி நம் மாணவர்களிடம் கொடுத்தால் பெரும்பாலார் இரண்டிலும் ஒரே தொடரை இட்டு எழுதிவிடுவர். கிழக்கு என்பது கிழக்குத்தானே, அதிலே என்ன வேற்றுமை என்பது அவர்கள் எண்ணம். ஆங்கிலமோ இவ்விடத்தில் மிகக் கண்டிப்பான மொழி. ஓர் ஊர் நாட்டின் எல்லைக்குள்ளேயே கீழ்ப்பகுதியில் அமைந்திருந்தால் ‘இன் த ஈஸ்ட்’ என்று சொல்ல வேண்டும். எல்லைக்கு வெளியே அப்பால் ஒன்று கிடந்தால் ‘டு த ஈஸ்ட்’ என்று சொல்ல வேண்டும். கரையோரமாகவோ விளிம்பிலோ இருந்தால் ‘ஒன்’ என்னும் சொல்லை முன்னிட வேண்டும். முன்னிற்கும் சிறு சொல் மாறினால் கல்முனை கடலுக்குள் போய்விடும்.

இது ஆங்கிலத்திற்கே உரிய நுட்பம் என்று நாம் வியப்பது வேண்டியதில்லை. மேலே சொன்ன தமிழ் வாக்கியங்களை மறுபடியும் நோக்குங்கள். முதலாவதிலே ‘இலங்கையின் கிழக்கே’ என்கின்றோம். இரண்டாவதிலே ‘கல்முனைக்குக் கிழக்கே’ என்கின்றோம். ‘இன்’ என்று வந்தால் பொருள் உள்ளே நிற்கின்றது. ‘கு’ என்று வந்தால் வெளியே போகின்றது. காணி உறுதி எழுதும் நொத்தாரிசுமார் இதனை நன்கறிவர். ஒருவர் காணியின் மேற்கே உள்ள பத்துப் பேர்ச் நிலம் என்பதும், அவர் காணிக்கு மேற்கே உள்ள பத்துப் பேர்ச் நிலம் என்பதும் ஒன்றாகுமா? முன்னது அவருடைய நிலம், பின்னது அயலவனுடையது. ஓர் எழுத்து இடம் மாறினால் வழக்கு மன்றத்திற்கு நடக்க வேண்டியதுதான்.

ஆகவே திசையைக் குறிக்கும் சொல் எதுவும் தனியே நிற்பதில்லை. சொல்லுகின்றவன் எங்கே நிற்கின்றான், எதனை நடுவாகக் கொள்ளுகின்றான் என்பதையும் அது தன்னுள்ளே வைத்துக்கொண்டிருக்கின்றது. இதனை விளக்குவதற்கு, பெரிய நீலாவணையிலிருந்து தெற்கே பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் அம்பாறைக் கரையைப் போன்ற இடம் வேறில்லை என்பது என் கருத்து. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கடலை நோக்கி வரிசையாக நிற்கின்றன. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவிலே ஒடுங்கிய மணற்றரை.

கிழக்கு என்னும் சொல்லே கீழ் என்பதிலிருந்து பிறந்தது. மேற்கு என்பது மேல் என்பதிலிருந்து. தமிழகத்திலே மேற்குத் தொடர்ச்சி மலை உயர்ந்தும் சோழ மண்டலக் கரை தாழ்ந்தும் இருத்தலால் இப்பெயர்கள் அமைந்தன என்பர். கால்டுவெல் ஐயர் 1856-ஆம் ஆண்டிலே வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இதனை எடுத்துக் காட்டினார். கேரளத்திலே மலை நிற்பது கிழக்கில், கடல் கிடப்பது மேற்கில். அங்கேயும் மலைப்பக்கத்தைக் கிழக்கு என்றே வழங்குகின்றனர். எனவே மலையைத் தாண்டிப் போன மக்கள் பழைய சொல்லையும் கூடவே கொண்டு சென்றனர் என்று அவர் வாதித்தார். அத்துணைப் பெரிய முடிவை ஒரு சொல்லின்மேல் ஏற்றலாமோ என்பது வேறு விஷயம். கல்முனைக் கரையிலோ இச்சொற்களுக்கு எவ்வித முரணும் இல்லை. தண்ணீர் ஓடி வருவது மேற்கேயிருந்து. பட்டிப்பளை ஆறு, ஆங்கிலேயர் ஏட்டிலே கல் ஓயா எனப்பட்ட அவ்வாறு, மேட்டு நிலத்திலிருந்து இறங்கிக் கீழே கடலில் விழுகின்றது. கண்டி மலைநாடு கல்முனைக்கு உயரத்தாலும் மேல், திசையாலும் மேல். கொழும்புக் கரையில் நிற்கும் தமிழனுக்கு இந்தப் பொருத்தம் வாய்க்கவில்லை. கடலை நோக்கி இறங்கிப் போகின்றவன் மேற்கே போகின்றேன் என்று சொல்ல வேண்டியவனாகின்றான்.

மட்டக்களப்பு நாட்டார் இவ்விரு சொற்களோடு அமைந்துவிடவில்லை. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கீழைக்கரையை எழுவான்கரை என்றும், வாவிக்கு மேற்கேயுள்ள வயற்புறத்தைப் படுவான்கரை என்றும் அழைத்தனர். எழுவான் என்பது எழுகின்ற ஞாயிறு. படுவான் என்பது படுகின்ற ஞாயிறு. மலையாளத்திலே மேற்கைப் படிஞ்ஞாறு என்கின்றார்களே, அதுவும் ஞாயிறு படும் திசை என்பதேயாகும். இனி, கல்முனைக்குடியிலே அந்தி வேளையில் ஒருவர் “மஃரிபுக்கு நேரமாகிவிட்டது” என்று சொல்லிப் பள்ளிவாசலுக்கு விரைகின்றாரெனக் கொள்வோம். மஃரிப் என்னும் அறபுச் சொல்லுக்கு ஞாயிறு மறையும் வேளை என்றும், மறையும் இடம் என்றும், மேற்கு என்றும் பொருளுண்டு. அவர் அறிந்தோ அறியாமலோ படுவான் என்ற சொல்லை அறபியிலே சொல்லிவிட்டார். அறபு மக்கள் பழங்காலத்தில் கிழக்கு நோக்கி நின்று திசை குறித்தனர். ஆதலால் அவர்களுக்கு வடக்கும் இடப்புறமும் ஒரு வேரிலே பிறந்தன, யமன் நாடு வலப்புற நாடாயிற்று. வடமொழியிலே தட்சிணம் என்பது வலப்பக்கத்தையும் தெற்கையும் குறிப்பதும் இப்படியே. இருவரும் ஞாயிற்றை எதிர்கொண்டு நின்றனர்; தமிழன் நிலத்தின் சரிவைப் பார்த்து நின்றான். அவ்வடமொழியை வடமொழி என்று அழைப்பதற்கும் நாம் தெற்கே நிற்பதன்றி வேறு காரணம் என்ன?

தொழுகைக்கு நிற்கும் திசையை நம் ஊர்களில் மேற்கு என்று பொதுவாகச் சொல்வது வழக்கம். கணக்கிட்டுப் பார்த்தால் கல்முனையிலிருந்து மக்காவுக்குச் செல்லும் மிகக் குறுகிய வழி நேர்மேற்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே சாய்ந்து நிற்கின்றது. மேற்கு என்ற சொல் அன்றாட வழக்கிற்குப் போதும். பள்ளிவாசலுக்கு அத்திவாரம் இடுகின்றவருக்குப் போதாது.

இங்கே காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாடை, கொண்டல், சோழகம் என்று திசைக்கொரு பெயர் தமிழிலே உண்டு. இக்கரையிலே தென்மேற்குப் பருவ காலத்தில் மலைநாட்டைக் கடந்து, ஈரமெல்லாம் அங்கே உதிர்த்துவிட்டு, வறண்டு சுடுகின்ற காற்றாக மேற்கேயிருந்து இறங்கி வருவதைக் கச்சான் என்பர். வானிலை நூலார் ஆங்கிலக் கலைச்சொல் அகராதிகளிலே இதே பெயரை அப்படியே எடுத்து வைத்து, மட்டக்களப்புப் பகுதியில் நன்கு புலப்படும் காற்று என்று குறிப்பெழுதியுள்ளனர். நம்மிடமிருந்து ஆங்கிலம் கடன்பெற்ற காற்று அது.

நிற்க. இனி ஊர்ப்பெயருக்கு வருவோம். அக்கரைப்பற்று என்னும் பெயரைச் சற்றே சிந்தியுங்கள். பற்று என்பது பழைய ஆட்சிப் பிரிவு. கரைவாகுப்பற்று, நிந்தவூர்ப்பற்று, சம்மாந்துறைப்பற்று என்றெல்லாம் இருந்தன. அக்கரை என்பதோ அந்தக் கரை. எந்த ஊராரும் தாம் நிற்கும் கரையை இக்கரை என்பரேயன்றி அக்கரை என்னார். எனவே அப்பெயர் அங்கே வாழ்ந்தவர் வாயிலே முதலிற் பிறந்திருக்க முடியாது. நீருக்கு இப்பால் நின்று அப்பால் நோக்கியவர் வாயிலே பிறந்ததாகும். காலப்போக்கிலே அது ஊரின் பெயராகி, அவ்வூரவரும் தம்மை அக்கரைப்பற்றார் என்றே பெருமையோடு சொல்லத் தொடங்கினர். பிறர் நின்ற இடத்திலிருந்து இடப்பட்ட பெயர் தம் பெயராகிவிட்டது.

ஆட்சியாளர் வைத்த பெயர்களும் இத்தன்மையனவே. 1833-இல் ஆங்கில அரசினர் இலங்கையை ஐந்து மாகாணங்களாக வகுத்தபோது நடுவிலே ஒன்றை வைத்து, மற்றவற்றை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்றனர். படத்தை மேசைமேல் விரித்து வைத்துப் பார்க்கின்றவனுடைய பார்வை அது. அன்றுமுதல் கல்முனையார் கிழக்கு மாகாணத்தார் ஆயினர். கச்சேரி ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வடக்கே மட்டக்களப்பில் இருந்தது. ஆதலால் ஊர் கிழக்கு மாகாணத்திலும், அம்மாவட்டத்தின் தெற்கிலும் இருந்தது. பின்னர் கல் ஓயாத் திட்டம் வந்தது. 1961-இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பாகம் பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டமாயிற்று. கச்சேரி உள்நாட்டிலே அம்பாறை நகரில் அமைந்தது. கல்முனை இருந்த இடத்திலேயே இருந்தது; ஆனால் அலுவலின் பொருட்டு வடக்கே போனவர்கள் மேற்கே போகலாயினர். நேற்றுவரை தென்பகுதியார் எனப்பட்டவர் மறுநாள் கரையோரத்தார் எனப்பட்டனர். கரையோர மாவட்டம் ஒன்று தனியே வேண்டும் என்னும் கோரிக்கையின் பெயரிலே இப்புதிய நிலை தெளிவாய்த் தெரிகின்றது.

ஆங்கில வாக்கியத்திலே திசைச்சொல்லைச் செவ்வையாக வழங்குவது இலக்கண ஆசிரியருக்கு மட்டும் உரிய கவலை அன்று என்பதைக் காட்டிய காலம் அதன்பின் வந்தது. 1987 ஜூலையில் இந்திய இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1988 செப்டெம்பரில் வட மாகாணமும் கிழக்கு மாகாணமும் தற்காலிகமாக இணைக்கப்பட்டன. இணைப்பு நிலைக்க வேண்டுமா என்பதைக் கிழக்கு மக்களிடம் வாக்கெடுத்து அறிவது என்று ஒப்பந்தம் கூறியது; அவ்வாக்கெடுப்பு ஒருபோதும் நடைபெறவில்லை. இணைந்த மாகாணத்திற்கு ஆங்கிலத்தில் இட்ட பெயர் ‘நோத் ஈஸ்டர்ன்’ என்பது. தமிழிலே வடகிழக்கு மாகாணம்.

இப்பெயரிலே உள்ள இடர்ப்பாட்டைப் பாருங்கள். வடக்கும் கிழக்கும் என்றால் இரண்டு திசை, இரண்டு இடம். வடகிழக்கு என்றால் ஒரே திசை, ஈசான மூலை. மன்னார் இத்தீவின் வடமேற்கிலே கிடப்பது. பொத்துவில் தென்கிழக்கிலே கிடப்பது. இரண்டும் வடகிழக்கு என்னும் ஒரு சொல்லுக்குள் அடைபட்டன. ‘உம்’ இருந்த இடத்தில் ‘உம்’ மறைந்தபோது இரண்டு மாகாணங்கள் ஒன்றாயின. இணைப்பை வேண்டியவர் வடகிழக்கு என்று எழுதினர். வேண்டாதவர் வடக்கும் கிழக்கும் என்று பிரித்து எழுதினர். இடையில் நின்றவர் சிறு கோடு ஒன்றை இட்டனர். ஆங்கிலச் செய்தித்தாள்களிலும் இதே நிலைதான். ஆங்கிலத்திற்கு மற்றுமொரு கருவியும் உண்டு: வெறும் திசையாயின் சிறிய எழுத்து, பெயர்பெற்ற பிரதேசமாயின் பெரிய எழுத்து. தமிழ் எழுத்துக்களிலே பெரிது சிறிது என்ற பேதம் இல்லை. வானொலியிலோ கோடும் கேட்பதில்லை, பெரிய எழுத்தும் கேட்பதில்லை; வடக்கு என்று சொல்லி அரை மூச்சு நிறுத்திக் கிழக்கு என்பதும், நிறுத்தாமல் வடகிழக்கு என்பதுமே செய்தி வாசிப்பவரின் கையிலுள்ள வேற்றுமை.

வடகிழக்கு என்னும் மூலையிலே தமக்கு இடம் எங்கே என்று கல்முனைக் கரையார் கேட்டனர். அக்கேள்விக்கு அவர்களே கண்ட விடை இன்னொரு திசைச்சொல். 1981-இல் தோன்றிய ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரசும் அதன் தலைவர் எம். எச். எம். அஷ்ரப் அவர்களும் சம்மாந்துறை, கல்முனை, பொத்துவில் ஆகிய தொகுதிகளைக் கொண்ட தென்கிழக்கு அலகு ஒன்றைப் பற்றிப் பேசினர். அரசியலிலே அது நிறைவேறவில்லை. ஆயினும் 1995-இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996-இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்து ஒலுவிலிலே நிலைகொண்ட கல்வி நிலையம் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் என்னும் பெயரைப் பெற்றது. அளவுகோலை வைத்துப் பார்க்கும் பூகோள ஆசிரியர் ஒருவர், ஒலுவில் கிழக்கிலே சற்றுத் தெற்கே சாய்ந்த ஊரேயன்றி முழுத் தென்கிழக்கு அன்று எனக் கூறலாம். கூறட்டும். அக்கரை என்று பிறர் சொல்லக் கேட்டிருந்த கரை, தான் நிற்கும் இடத்திற்குத் தானே தேர்ந்துகொண்ட திசை அது. 2006 அக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்புச் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. 2007 ஜனவரி முதல் நாளிலிருந்து இரு மாகாணங்களும் வேறாயின. தென்கிழக்கு என்ற பெயர் மட்டும் பல்கலைக்கழக வாயிலிலே நிலைத்துவிட்டது.

திசைச்சொல் ஒன்று மனை நிலத்தையே அளந்த கதையும் இக்கரைக்கு உண்டு. 2004 டிசெம்பர் 26-இல் கிழக்கேயிருந்து எழுந்த ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையிலே பேரிழப்பு இம்மாவட்டத்திற்கே. மறுவருடம் அரசினர் கடலோரத்திலே வீடு கட்டலாகாத எல்லை ஒன்றை அறிவித்தனர். தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடலுக்கும் வயலுக்கும் நடுவே வீட்டோடு வீடாக நெருங்கி வாழ்ந்த குடும்பங்களுக்கு, தாம் கிழக்கைச் சேர்ந்தவர் என்னும் ஒரு சொல் இன்னும் 100 மீற்றர் மணலை எடுத்துக்கொண்டது. பெண்மக்களுக்குச் சீதனமாக வீடு கொடுத்துத் தாய்வழியே குடிகாக்கும் வழக்கமுடைய ஊர்கள் இவை. மகளுக்கென்று பிரித்து வைத்த வளவு எல்லைக்குள் அகப்பட்டால் அந்த வீட்டார் எங்கே போவது? கிழக்கே கடல். தெற்கும் வடக்கும் அடுத்த ஊர்கள். எஞ்சியது மேற்கு, வயல். அவ்விதி பின்னர்த் தளர்த்தப்பட்டது. ஆனாலும் பலர் அதற்குள், வயலை மண்ணிட்டு மேடாக்கி எழுப்பிய புது வீடுகளை நோக்கிப் படுவான் பக்கம் பெயர்ந்துவிட்டனர்.