கூலி என்னும் ஆங்கிலச் சொல்

கூலி என்பது உடலுழைப்புத் தொழிலாளரைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கிய சொல்லாகும். குறிப்பாக, குடியேற்றவாதக் காலத்தில் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்ட இந்திய, சீனத் தொழிலாளர்களை இது சுட்டியது. இன்று பல நாடுகளில் இது இழிசொல்லாகக் கருதப்படுகிறது.

சொற்பிறப்பு

இதன் தோற்றம் குறித்து இரு கருத்துகள் முதன்மையானவை. தமிழ்ச் சொல்லான 'கூலி'யிலிருந்து வந்தது என்பது ஒன்று. குசராத்தின் 'கோலி' மக்களின் பெயரிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. இரண்டும் பிற்காலத்தில் கலந்திருக்கலாம் என்றும் ஆய்வாளர் கருதுவர். போர்த்துக்கேயர் வழியாக இச்சொல் ஆங்கிலத்தை அடைந்தது. சீன மொழியில் இது 'குலி' என ஒலிபெயர்க்கப்பட்டது; அதை எழுதும் எழுத்துகள் 'கசப்பான உழைப்பு' என்றும் பொருள் தருகின்றன.

பொருள் மாற்றம்

தமிழில் கூலி என்பது ஆளைக் குறிப்பதன்று. உழைப்புக்கு ஈடாகப் பெறும் ஊதியத்தையே குறிக்கும். திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், முயற்சிக்குக் கிடைக்கும் பயன் என்ற பொருளில் இச்சொல் ஆளப்பட்டுள்ளது. ஆங்கிலத்திலோ உழைப்பவருக்கே ஊதியத்தின் பெயர் வைக்கப்பட்டது.

பிரித்தானிய நாடாளுமன்றம் 1833 இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளர் தேவைப்பட்டனர். 1834 இல் மொரிசியசுக்கும், 1838 இல் பிரித்தானிய கயானாவுக்கும், 1845 இல் திரினிடாட்டுக்கும் இந்தியர் கப்பலேற்றப்பட்டனர். 1860 இல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' கப்பல், முதல் தொகுதி ஒப்பந்தத் தொழிலாளரை நட்டாலில் இறக்கியது. இவர்கள் அனைவரும் ஆவணங்களில் 'கூலிகள்' எனப்பட்டனர்.

காலப்போக்கில் இச்சொல் தொழிலை விட்டு இனத்தைச் சுட்டலாயிற்று. தென்னாப்பிரிக்காவில் வணிகரும் படித்தவரும்கூட 'கூலி' என்றே அழைக்கப்பட்டனர். அங்கு வழக்கறிஞராகப் பணியாற்றிய காந்தி 'கூலி பாரிஸ்டர்' எனப்பட்டார்.

இன்றைய நிலை

தென்னாப்பிரிக்காவிலும் கரிபியன் நாடுகளிலும் இது வசைச் சொல்லாகும். மொரிசியசில் தொழிலாளர் வந்திறங்கிய 'கூலி காட்' இன்று 'ஆப்பிரவாசி காட்' எனப்படுகிறது. யுனெசுக்கோ 2006 இல் இதை உலக பாரம்பரியக் களமாக அறிவித்தது. மொரிசியசுக் கவிஞர் கால் தோராபுல்லி, ஒப்பந்தத் தொழிலாளர் வழிவந்தோரின் பண்பாட்டு அடையாளத்தைக் குறிக்க 'கூலித்தூட்' என்ற சொல்லை உருவாக்கி, இழிவுச் சொல்லையே பெருமைக்குரியதாக்கினார்.

தமிழில் 'கூலி வேலை', 'கூலி உயர்வு' போன்ற தொடர்களில் இச்சொல் இன்றும் ஊதியத்தையே குறிக்கிறது. எனினும் 'கூலிக்காரன்' என்ற வழக்கில் தாழ்வுப் பொருள் தொனிப்பதால், 'தொழிலாளி' என்பதே மதிப்பான சொல்லாகக் கொள்ளப்படுகிறது.