பாஸ்காவின் வேர்

கிறித்தவ விழாக்களுள் மிகத் தொன்மையானது பாஸ்கா. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நான்காம் நூற்றாண்டில்தான் தெளிவான சான்று கிடைக்கிறது. பாஸ்காவோ இரண்டாம் நூற்றாண்டிலேயே திருச்சபையில் நிலைபெற்றுவிட்டது. எகிப்தின் அடிமைத்தளையினின்று இஸ்ரயேலர் விடுதலை பெற்ற இரவின் நினைவு அது. அவ்விழாவுக்கு நம் முன்னோர் எவ்வாறு பொருள் கண்டனர் என்னும் வரலாறு நமக்கு மகிழ்ச்சியும் தருகிறது, மனவருத்தமும் தருகிறது.

கிறிஸ்துவே நமது பாஸ்கா ஆடு என்று கொரிந்தியருக்கு அறிவித்தார் புனித பவுல். யோவான் நற்செய்தியில் பாஸ்கா விழாவின் ஆயத்த நாளன்று இயேசு உயிர் துறக்கிறார். அவருடைய எலும்பு எதுவும் முறிக்கப்படவில்லை. இவ்வாறு பொருள் கண்டோர் யூத மரபில் பிறந்து வளர்ந்தவர்கள். தங்கள் விழாவின் மொழியிலேயே அவர்கள் ஆண்டவரை அறிக்கையிட்டனர்.

சிற்றாசியத் திருச்சபைகள் யூதரின் நிசான் மாதம் 14ஆம் நாளிலேயே, அது எக்கிழமையாயினும், பாஸ்காவைக் கொண்டாடின. உரோமை, ஞாயிற்றுக்கிழமையைக் கடைப்பிடித்தது. ஏறத்தாழ கி.பி. 155இல் சிமிர்னாவின் முதிய ஆயர் பொலிக்கார்ப்பு உரோமைக்கு வந்து, திருத்தந்தை அனிசேத்துவுடன் இதுபற்றி உரையாடினார். ஒருவர் மற்றவரை இணங்கச் செய்ய இயலவில்லை. ஆயினும் தம் ஆலயத்தில் நற்கருணை நிறைவேற்றும் சிறப்பைப் பொலிக்கார்ப்புக்கு அளித்தார் அனிசேத்து. இருவரும் அமைதியுடன் பிரிந்தனர். சுமார் 190இல் திருத்தந்தை விக்டர் ஆசியத் திருச்சபைகளை உறவினின்று விலக்க முற்பட்டபோது, புனித இரேனியு இந்நிகழ்ச்சியை நினைவூட்டியே அவருக்கு மடல் எழுதினார்.

அக்காலத்தவரே சர்தை நகர ஆயர் மெலித்தோ. நெடுங்காலம் மறைந்திருந்த அவரது பாஸ்கா மறையுரை 1940இல் அச்சேறியது. ஆட்டின் குருதியில் சிலுவையின் நிழலைக் காணும் அழகிய உரை அது. ஆனால் அதில் ஓர் உவமை உண்டு. கலைஞன் முதலில் மெழுகிலோ களிமண்ணிலோ மாதிரி ஒன்றைச் செய்கிறான்; படைப்பு முற்றுப்பெற்றதும் மாதிரி பயனற்றுப்போகிறது. பழைய பாஸ்காவும் அத்தகையதே என்கிறார் மெலித்தோ. தொடர்ந்து, இறைவனையே கொன்றதாக இஸ்ரயேல் மீது குற்றம் சுமத்துகிறார். சர்தையில் 1962இல் அகழாய்வு ஒரு மாபெரும் யூதத் தொழுகைக்கூடத்தை வெளிக்கொணர்ந்தது. மெலித்தோவுக்குப் பின்னும் பல நூற்றாண்டுகள் அம்மக்கள் அங்கே செழித்து வாழ்ந்தனர் என்பதற்கு அது சான்று. பயனற்ற மாதிரி எனப்பட்ட விழா, உயிருள்ள ஒரு மக்களின் விழாவாகவே நிலைத்திருந்தது.

325இல் நிசேயாப் பொதுச்சங்கம் அனைவரும் ஒரே நாளில் பாஸ்காவைக் கொண்டாட முடிவு செய்தது. ஒற்றுமைக்கு அது நன்று. ஆனால் பேரரசர் கான்ஸ்தாந்தீன் எழுதிய மடல், யூதரோடு நமக்குப் பொதுவானது எதுவும் இருத்தலாகாது என்று காரணம் கூறிற்று. 386இல் அந்தியோக்கியாவில் புனித யோவான் கிறிசோஸ்தோம், யூதரின் எக்காள விழாவுக்கும் கூடார விழாவுக்கும் சென்ற கிறித்தவரைக் கடுஞ்சொற்களால் கடிந்துகொண்டார். எளிய மக்களிடையே அண்டை வீட்டு உறவு இன்னும் அறுபடவில்லை என்பதை அக்கடுமையே நமக்கு உணர்த்துகிறது.

விதைத்தது பின்னர் விளைந்தது. பாஸ்கா விழாவுக்காக யூதர் கிறித்தவக் குழந்தைகளைக் கொல்கின்றனர் என்ற பழியைத் திருத்தந்தை நான்காம் இன்னொசென்ட் 1247இல் மறுத்தும், அது ஓயவில்லை. 1475இல் வட இத்தாலியின் திரெந்து நகரில் சீமோன் என்னும் சிறுவன் இறந்தபோது, அதே பழியால் யூதர் பலர் வதைக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அச்சிறுவனுக்குச் செலுத்தப்பட்டு வந்த வணக்கத்தைத் திருச்சபை 1965இல்தான் நீக்கியது.

1959இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான், புனித வெள்ளி மன்றாட்டில் யூதரை இழிவுபடுத்திய சொல்லை அகற்றினார். 1965 அக்டோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஆண்டவரின் பாடுகளுக்காக யூத மக்கள் அனைவர்மீதும் பழிசுமத்தலாகாது எனப் போதித்தது. 1970ஆம் ஆண்டுத் திருப்பலி நூல், இறைவார்த்தையை முதலில் கேட்ட மக்களாக அவர்களைக் குறிப்பிட்டு மன்றாடுகிறது.

கிறிஸ்துவில் பாஸ்கா நிறைவடைந்தது என்பது நம் விசுவாசம். ஆயின் நிறைவு என்பது பறித்துக்கொள்வதன்று. பாஸ்கா திருவிழிப்பில் எந்த வாசகத்தை விட்டாலும், இஸ்ரயேலர் செங்கடலைக் கடந்த வாசகத்தை விடலாகாது என்பது திருவழிபாட்டு ஒழுங்கு. அவ்வாசகம் ஒலிக்கும்போது நாம் மற்றொரு மக்களின் நினைவுக்குள் விருந்தினராய் நுழைகிறோம். ஒட்டப்பட்ட கிளை வேரைத் தாங்குவதில்லை, வேரே கிளையைத் தாங்குகிறது என்று உரோமையருக்குப் பவுல் விடுத்த எச்சரிக்கையை, திரியேந்தி நிற்கும் அவ்விரவில் நாமும் நெஞ்சில் இருத்துவோமாக.