சித்ரா இதய வால்வு

சித்ரா இதய வால்வு, திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்ரா திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான செயற்கை வால்வு. சாயும் தட்டு வகையைச் சேர்ந்தது. கோபால்ட் கலப்பு உலோகத்தில் கடைந்த சட்டம், மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் தட்டு, இதயத் திசுவோடு சேர்த்துத் தைப்பதற்கான பாலியெஸ்டர் துணி வளையம் ஆகிய மூன்றே அதன் பாகங்கள். 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.டி.கே. குழுமம் இதைத் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்ததால், டி.டி.கே. சித்ரா வால்வு என்ற பெயரே மருத்துவமனைகளில் புழங்குகிறது.

யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை அறியாமல் இந்த வால்வைப் புரிந்துகொள்ள முடியாது. மேற்கு நாடுகளில் வால்வு மாற்று அறுவை சிகிச்சைக்கு வருபவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். வயதின் காரணமாக வால்வில் சுண்ணாம்பு படிந்தவர்கள். இந்தியாவில் அந்த அறுவை சிகிச்சைக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் இளைஞர்கள், இளம்பெண்கள், சில சமயம் பள்ளிக் குழந்தைகள். அவர்களுடைய வால்வைக் கெடுத்தது ருமாட்டிக் இதய நோய்.

நோய் உருவாகும் விதம்

ருமாட்டிக் இதய நோய் தொண்டையில் தொடங்குகிறது. ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா தரும் தொண்டைவலி பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே ஆறிவிடும். ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும், இரண்டு மூன்று வாரங்கள் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரும். இதுவே ருமாட்டிக் காய்ச்சல். 5 முதல் 15 வயதுவரை உள்ளவர்களையே இது அதிகம் தாக்குகிறது. மூட்டு வீக்கம் தடமில்லாமல் வடிந்துவிடும். வால்வில் ஏற்பட்ட புண் தழும்பாக நின்றுவிடும்.

அந்த நேரத்தில் இதயத்துக்குள் பாக்டீரியா இருப்பதில்லை. உடலின் சொந்தப் பாதுகாப்பு அமைப்புதான் வால்வைத் தாக்குகிறது. பாக்டீரியாவின் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் எம் புரதம், முறுக்கிய இரட்டைச் சுருள் வடிவம் கொண்டது. இதயத் தசையில் உள்ள மயோசின் புரதத்துக்கும் ஏறத்தாழ அதே வடிவம். பாக்டீரியாவின் செல் சுவரில் உள்ள ஒரு சர்க்கரை மூலக்கூறும் இதயத் திசுவோடு இதேபோல் ஒத்துப்போகிறது. பாக்டீரியாவை எதிர்க்க உருவான எதிர்ப்பொருள்கள் ஆள் மாறி, வால்வின் உள்சவ்வில் போய் ஒட்டுகின்றன. மூலக்கூறு ஒப்புமை என்று அழைக்கப்படும் இந்த விளக்கத்தை விரிவாக ஆராய்ந்தவர்களில் அமெரிக்காவின் மாடலின் கன்னிங்ஹாம் முக்கியமானவர்.

எதிர்ப்பொருள் ஒட்டியதோடு தாக்குதல் முடிவதில்லை. எரிச்சலுற்ற உள்சவ்வு, வெள்ளணுக்களைப் பிடித்து நிறுத்தும் ஒட்டு மூலக்கூறுகளை வெளிக்காட்டுகிறது. இரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த டி செல்கள் அவற்றில் பற்றி வால்வுக்குள் நுழைகின்றன. பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் லூயிசா கில்ஹெர்மியும் ஜோர்ஜ் கலிலும், அறுவை சிகிச்சையில் அகற்றிய வால்வுகளிலிருந்து டி செல்களைப் பிரித்தெடுத்து வளர்த்தார்கள். அந்தச் செல்கள் எம் புரதத் துண்டுகளுக்கும் இதயப் புரதங்களுக்கும் ஒருசேர எதிர்வினை காட்டின. வெறும் ஒப்புமைக் கோட்பாடாக இருந்ததற்கு நோயாளியின் திசுவிலிருந்தே கிடைத்த வலுவான சான்று இது. ஆனாலும் விவாதம் முடியவில்லை: பாக்டீரியா, கொலாஜன் என்ற இணைப்புப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதன்மீதே தாக்குதலைத் தூண்டுகிறது என்ற மாற்று விளக்கமும் உண்டு.

இயல்பான வால்வு இதழில் இரத்தக் குழாய்கள் கிட்டத்தட்ட இல்லை. தொடர் அழற்சியில் அங்கே புதுக் குழாய்கள் முளைக்கின்றன. அவற்றின் வழியே மேலும் வெள்ளணுக்கள் வருகின்றன. நார்த்திசு படிந்து இதழ்கள் தடித்து, விளிம்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள ஈரிதழ் வால்வே முதலில் பாதிக்கப்படுகிறது. வாய் குறுகினால் இரத்தம் நுரையீரலில் தேங்கும். சரியாக மூடாவிட்டால் பின்னோக்கிக் கசியும். ஒவ்வொரு புதுத் தொண்டைத் தொற்றும் இந்தச் சேதத்தைக் கூட்டுகிறது.

உலகில் சுமார் 5.5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாகவும், ஆண்டுதோறும் ஏறத்தாழ 3.6 லட்சம் பேர் இதனால் இறப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இத்தனைக்கும் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் பென்சத்தீன் பென்சிலின் ஊசி, மறுதாக்குதலைத் தடுக்கும். உகாண்டாவில், அறிகுறி இல்லாத ஆரம்பநிலை நோயுள்ள குழந்தைகளிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் நோய் முற்றியவர்கள் ஊசி போட்ட குழுவில் 0.8 விழுக்காடு, போடாத குழுவில் 8.2 விழுக்காடு. இவ்வளவு மலிவான மருந்து இருக்கும்போது வால்வு மாற்றும் நிலைக்கு ஒரு குழந்தை போய்ச்சேருவது, தடுத்திருக்கக்கூடிய துயரம்.

பொருளைத் தேர்வதில் உள்ள சிக்கல்

நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று கணக்கிட்டால், ஒரு வால்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 கோடி முறை திறந்து மூடுகிறது. இருபது வயதுப் பெண்ணுக்குப் பொருத்தியது அவருடைய அறுபதாவது வயதுவரை உழைக்க வேண்டுமானால், அது 150 கோடி முறை. தேய்மானம் மட்டும் பிரச்சினை அல்ல. அந்நியப் பரப்பை இரத்தம் தொட்ட சில நொடிகளிலேயே புரதங்கள் அதில் படிகின்றன. படிந்த ஃபைப்ரினோஜெனில் தட்டணுக்கள் ஒட்டுகின்றன. இரத்தம் உறையத் தொடங்குகிறது. சுழலும் தேக்கமும் உள்ள மூலைகளில் இது இன்னும் வேகமாக நடக்கும். அங்கே உருவான கட்டி பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

பன்றியின் வால்விலிருந்தோ மாட்டின் இதய உறையிலிருந்தோ செய்யும் திசு வால்வில் இந்த உறைதல் குறைவு. குளூட்டரால்டிஹைடில் பதப்படுத்திய அந்தத் திசு முதியவர்களுக்கு நன்றாகவே உழைக்கிறது. இளம் உடலிலோ கால்சியம் வேகமாகப் படிந்து, சில ஆண்டுகளிலேயே இதழ்கள் விறைத்துக் கிழியும். மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும். உலோகமும் கார்பனும் சேர்ந்த இயந்திர வால்வு அப்படிக் கெடாது. அணு உலை எரிபொருளுக்கு உறையிடும் ஆய்விலிருந்து ஜாக் போக்ரோஸ் மருத்துவத்துக்குக் கொண்டுவந்த பைரோலிட்டிக் கார்பன், இரத்தத்தோடு ஒத்துப்போவதிலும் தேயாமையிலும் சிறந்த பொருளாக நிலைபெற்றிருந்தது. ஆனால் அதில் செய்த இறக்குமதி வால்வுகளின் விலை, இந்தியாவில் அவை தேவைப்பட்ட குடும்பங்களின் கைக்கு எட்டவில்லை.

நான்கு மாதிரிகள்

இந்தச் சூழலில் வால்வு ஆய்வைத் தொடங்கியவர் மார்த்தாண்ட வர்மா சங்கரன் வலியத்தான். 1934இல் மாவேலிக்கரையில் பிறந்த இதய அறுவை மருத்துவர் அவர். 1952இல் முதன்முதலாக மனிதப் பெருந்தமனியில் பந்து வால்வைப் பொருத்திய சார்ல்ஸ் ஹஃப்நேகலிடம் அமெரிக்காவில் பணியாற்றித் திரும்பியவர். திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973இல் கொடுத்த கட்டடத்தில் மருத்துவமனையும், அதிலிருந்து தள்ளி பூஜப்புராவில் உள்ள சாட்டல்மண்ட் அரண்மனையில் உயிர்மருத்துவப் பொறியியல் பிரிவும் அமைந்தன. 1980இல் இந்தக் கழகம் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமாகி, அறிவியல் தொழில்நுட்பத் துறையின்கீழ் வந்தது. அறுவை மருத்துவரும் பொறியாளரும் ஒரே நிறுவனத்தில் இருப்பது அன்று இந்தியாவில் அரிது. வால்வின் பொறியியல் பணியை ஜி.எஸ். புவனேஷ்வர் முன்னின்று நடத்தினார்.

முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. ஒவ்வொன்றும் தோற்ற காரணம் வேறு என்பதால், இந்த வரலாறு உயிர்ப்பொருள் அறிவியலைக் கற்பவர்களுக்கு வெற்றியைவிட அதிகம் சொல்லித்தருகிறது.

முதல் மாதிரியில், தட்டைத் தாங்கும் கம்பிகள் டைட்டேனியச் சட்டத்தோடு பற்றவைக்கப்பட்டன. பற்றவைத்த இடத்தில் உலோகம் நொறுங்கும் தன்மை அடைந்து கம்பி முறிந்தது. இரண்டாவதில் டைட்டேனியமே ஏற்க முடியாத அளவுக்குத் தேய்ந்தது. இலேசானது, துருப்பிடிக்காதது, உடல் ஏற்பது என்ற எல்லாச் சிறப்பும் இருந்தும், உரசலுக்கு அது தாங்காது. மூன்றாவதில், தேய்மானமே அறியாத நீலமணிப் படிகத்தைத் தட்டாக வைத்தார்கள். தேயவில்லை, ஆனால் திரும்பத் திரும்ப மோதியதில் உடைந்தது. கடினமான பொருள் எல்லாம் உறுதியான பொருள் அல்ல என்பதை அந்தத் தட்டு காட்டியது.

நான்காவதில் அணுகுமுறையே மாறியது. இரண்டு கடினப் பொருள்களை மோதவிடாமல், கடினமான சட்டத்துக்குள் மென்மையான தட்டை வைத்தார்கள். சட்டத்துக்கு ஹெய்ன்ஸ் 25 என்ற கலப்பு உலோகம்: கோபால்ட்டோடு 20 விழுக்காடு குரோமியம், 15 விழுக்காடு டங்ஸ்டன், 10 விழுக்காடு நிக்கல் சேர்ந்தது, விமான எஞ்சின்களின் வெப்பத்தைத் தாங்கும் பொருள். பற்றவைப்பே இல்லாமல் முழுச் சட்டமும் ஒரே துண்டிலிருந்து கடையப்பட்டது. தட்டுக்கு, இடுப்பு மூட்டு மாற்றில் 1960களிலிருந்து பயன்பட்டுவந்த பாலிஎத்திலீன். தட்டு ஒவ்வொரு துடிப்பிலும் 70 பாகை வரை சாய்ந்து திறக்கிறது. கூடவே தன்னைத்தானே சிறிது சுழற்றிக்கொள்கிறது. அதனால் உரசல் ஒரே இடத்தில் விழாமல் விளிம்பு முழுவதும் பரவுகிறது. தட்டு பிளாஸ்டிக் என்பதால் மூடும் ஓசையும் குறைவு. இயந்திர வால்வின் டிக் டிக் ஓசையை இரவெல்லாம் கேட்டுக்கொண்டு படுத்திருப்பவர்களுக்கு இது சிறிய நிம்மதி அல்ல.

பற்றவைப்பைத் தவிர்த்த முடிவு எவ்வளவு சரியானது என்பதை அதே காலத்தில் வெளிநாட்டில் நடந்த ஒரு பெருந்துயரம் உறுதிசெய்தது. பியோர்க்-ஷைலி குவி-குழி வால்வில் பற்றவைத்த கம்பி முறிந்து, தட்டு விலகி, நூற்றுக்கணக்கானோர் இறந்தனர்; 1986இல் அந்த வால்வு விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது.

ஆடுகளில் சோதித்த பின்னர், 1990 முதல் 1995 தொடக்கம்வரை இந்தியாவின் ஆறு மையங்களில் 306 நோயாளிகளுக்குப் பொருத்தி ஆய்வு நடந்தது. அவர்களில் மூன்றில் இரு பங்கினருக்கு ஈரிதழ் வால்வும், மற்றவர்களுக்குப் பெருந்தமனி வால்வும் மாற்றப்பட்டன. அதற்குப் பிறகு வணிக உற்பத்தி விரிந்து, பொருத்தப்பட்ட வால்வுகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. வலியத்தானுக்கு 2005இல் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. 2024 ஜூலையில் மணிப்பாலில் காலமானார்.

தீராத பிரச்சினை

எல்லா இயந்திர வால்வுகளையும்போல, சித்ரா வால்வு பொருத்தியவரும் வாழ்நாள் முழுவதும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் மாத்திரை எடுக்க வேண்டும். அளவு குறைந்தால் வால்வில் இரத்தம் உறையும். கூடினால் எங்கு வேண்டுமானாலும் கசியும். கீரை அதிகம் சாப்பிட்டாலோ வேறு மருந்து சேர்ந்தாலோ அளவு மாறும். ஆகவே ஐ.என்.ஆர். எனப்படும் இரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்துகொள்ள வேண்டும். ஆய்வகம் உள்ள ஊருக்கு ஒரு நாள் கூலியை விட்டுப் போய்வர வேண்டியவருக்கு, மலிவான வால்வு தந்த ஆதாயத்தின் ஒரு பங்கு இங்கே கரைகிறது. கருவுற்ற பெண்களின் நிலை இன்னும் கடினம்: வார்ஃபரின் கருவைப் பாதிக்கலாம், ஹெப்பாரின் ஊசிக்கு மாறினால் வால்வில் உறைதல் நேரும் வாய்ப்பு கூடுகிறது.

பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகள் இங்கே கைகொடுக்கவில்லை. டாபிகட்ரானை இயந்திர வால்வு நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு, உறைதலும் இரத்தப்போக்கும் கூடியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. அபிக்சபானை வைத்து நடந்த ஆய்வும் 2022இல் அப்படியே நின்றது.

அதனால் ஆய்வு மறுபடி பொருளின் பக்கம் திரும்பியிருக்கிறது. இளம் உடலிலும் கால்சியம் படியாத, அதே சமயம் இரத்தத்தை உறையவைக்காத நெகிழ் பாலிமர் இதழ்களே இப்போதைய இலக்கு. ருமாட்டிக் நோய் பரவலாக உள்ள தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நெஞ்சைத் திறக்காமல் செலுத்தக்கூடிய அத்தகைய வால்வுகளை உருவாக்கிவருகிறார்கள்.