ஹிமா: காக்கப்பட்ட நிலமும் ஏழையின் ஆடுகளும்

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காப்புக்காடுகளைக் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாகத் தமிழக அரசு 2022 நவம்பரில் அறிவித்தது. பர்கூரில் வாழும் நமக்கு அது அயலூர்ச் செய்தியன்று. நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதிதான். நிலத்திற்கு எல்லை வகுத்து, இங்கே வெட்டாதே, வேட்டையாடாதே, மேய்க்காதே என்று அரசு தடுப்பது மேற்கத்தியர் கற்றுத்தந்த ஏற்பாடு என்றே நம்மில் பலர் எண்ணுகின்றனர். இஸ்லாமிய வரலாற்றில் இதற்கு ‘ஹிமா’ என்று பெயர். ஃபிக்ஹு நூல்களில் தரிசு நிலத்தை உயிர்ப்பித்தல் பற்றிய பாடத்தை ஒட்டி இது பேசப்படுகிறது.

ஹிமா என்றால் காக்கப்பட்ட இடம். சொல் இஸ்லாத்திற்கு முந்தியது. அக்காலத்தில் அதற்கு நற்பெயர் இருக்கவில்லை. அறியாமைக் காலத்தில் வலிமை மிக்க குலத்தலைவன் செழிப்பான நிலத்தில் இறங்கினால், மேட்டின் மீது ஒரு நாயைக் குரைக்கச் செய்வான். குரைப்பொலி எட்டும் தூரம் முழுவதும் அவனுக்கே. பிறர் கால்நடை அங்கே நுழையலாகாது. அவனுடையவையோ எல்லாருடைய புல்வெளியிலும் மேயும். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இவ்வழக்கத்தை விவரித்துள்ளார்கள். தக்லிப் குலத்தலைவன் குலைப், தன் ஹிமாவில் நுழைந்த ஒரு பெண் ஒட்டகத்தின் மீது அம்பெய்ததால் மூண்டதே பசூஸ் போர். உறவுக் குலங்களான பக்ரும் தக்லிபும் நாற்பது ஆண்டுகள் வெட்டிக்கொண்டதாக அரபு மரபு கூறுகிறது.

நபி (ஸல்) அவர்கள் ஹிமாவை முற்றாக ஒழிக்கவில்லை. அது எவருக்காக என்பதை மாற்றினார்கள். ஹிமா அல்லாஹ்வுக்கும் அவனுடைய தூதருக்குமே உரியது என்று அவர்கள் அறிவித்ததை ஸஅப் இப்னு ஜஸ்ஸாமா (ரலி) வழியாக இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். செல்வாக்குள்ளவன் தனக்கென்று நிலத்தை வளைக்கும் வாசல் அன்றே அடைபட்டது. பொதுநலனுக்காக ஆட்சியாளர் ஒதுக்கும் வாசல் மட்டும் திறந்திருந்தது. மதீனாவை அடுத்த நகீஉ பள்ளத்தாக்கு முஸ்லிம்களின் குதிரைகளுக்காக ஒதுக்கப்பட்டது. அய்ர், ஸவ்ர் மலைகளுக்கு இடைப்பட்ட மதீனா நிலம் ஹரம் என அறிவிக்கப்பட்டது. அங்கே மான்கள் மேயக் கண்டால் அவற்றை வெருட்டக்கூட மாட்டேன் என்றார்கள் அபூஹுரைரா (ரலி). (மதீனா ஹரமின் சட்டநிலை குறித்து ஹனஃபி மத்ஹபில் வேறு கருத்து உண்டு, அது தனிப் பாடம்.)

இவ்வரலாற்றில் நாம் நெடுநேரம் நிற்க வேண்டிய இடம் உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலம். ஹிமாவைக் கண்காணிக்க ஹுனைய் என்ற தம் ஊழியரை அவர்கள் நியமித்தார்கள். அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்கு அஞ்சுமாறு முதலில் எச்சரித்தார்கள். சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடையவனை உள்ளே விடு; அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், உஸ்மான் இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகளை மட்டும் விடாதே என்றார்கள். சுவனத்திற்கு நன்மாராயம் பெற்ற அவ்விருவரும் என்ன குற்றம் செய்தார்கள் என்று மாணவர்கள் வியப்போடு கேட்பதுண்டு. குற்றம் எதுவுமில்லை, வசதி இருந்தது, அவ்வளவுதான். அவர்களின் கால்நடைகள் மடிந்தால் பேரீச்சந் தோட்டங்களும் பயிர்நிலங்களும் அவர்களுக்கு இருந்தன. ஏழையின் ஆடுகள் மடிந்தால் அவன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கலீஃபாவின் வாசலுக்கு வருவான். அவனுக்குப் பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிடப் புல்லும் தண்ணீரும் கொடுப்பது எளிது என்று உமர் (ரலி) கணக்கிட்டார்கள். அந்நிலம் அம்மக்களுடையது, அதற்காக அவர்கள் போரிட்டிருக்கிறார்கள், அறப்போருக்குரிய வாகன மிருகங்களின் தேவை மட்டும் இல்லையெனில் ஒரு சாண் நிலத்தையும் ஒதுக்கியிருக்க மாட்டேன் என்றும் ஒப்புக்கொண்டார்கள். நிலத்தை ஒதுக்கும் அதிகாரி அதன் விலையை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன சான்றுகள் வரலாற்றில் அரிது.

ஹிஜாஸ், அசீர் மலைச்சரிவுகளில் குலங்கள் பரம்பரையாகக் காத்துவந்த ஹிமாக்கள் இருபதாம் நூற்றாண்டுவரை நீடித்தன. 1953-இல் சவூதி அரச ஆணை அவற்றை எல்லாருக்கும் திறந்துவிட்டது. நோக்கம் நல்லதாக இருக்கலாம். காப்பவர் இல்லாத மேய்ச்சல் நிலம் தேய்ந்தது. மோட்டார் வண்டியும் துப்பாக்கியும் வேட்டையைப் பெருக்க, 1972-இல் அரேபிய ஓரிக்ஸ் மான் காட்டிலிருந்தே அற்றுப்போனது. பின்பு 1986-இல் தாயிஃபில் வனவிலங்கு ஆய்வு மையமும், 1988-இல் 2,200 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட மஹாஸத் அஸ்ஸைத் காப்பகமும் உருவாயின. கூண்டில் பெருக்கப்பட்ட ஓரிக்ஸ்கள் 1990-இல் அங்கே விடப்பட்டன. இழந்ததை மீட்க வேலியும் ஆய்வுக்கூடமும் தேவைப்பட்டன.

நம் காவிரிக் காடுகளுக்கும் காப்பு தேவை என்பதில் நமக்கு ஐயமில்லை. தமிழகத்தின் காவிரி வடக்குச் சரணாலயத்தையும் கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயத்தையும் இணைக்கும் யானை வழி அது. ஆற்றில் நீர்நாயும் முதலையும் வாழ்கின்றன. ஆயினும் ஹுனைய்க்கு இடப்பட்ட கட்டளை இங்கே நினைவுக்கு வருகிறது. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்கு முதலில் முழுத்தடை விதித்து, பின்னர் அதைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் என்று சுருக்கியது. அதே ஆண்டு நவம்பரில் இக்காடுகளும் சரணாலயமாயின. மலையோர ஊர்களில் பத்துப் பதினைந்து ஆடுகளோடு பிழைப்பவருக்குத் திரும்பிப் போகத் தோட்டம் இல்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காடுசார்ந்து வாழ்வோரின் மேய்ச்சல் உரிமையையும் ஏற்கிறது. அதைக் கோரும் மனு கிராம சபையில்தான் தொடங்க வேண்டும். அம்மலையோர ஊர்களில் உள்ள நம் ஜமாஅத்துகளில் படித்த இளைஞர்கள் இருக்கின்றனர். ஆடு மேய்ப்பவர் எந்தச் சமயத்தவராயினும், அந்த மனுவை எழுதிக்கொடுக்க அவர்களால் இயலும்.