உதறிய கலமும் சேர்த்த கலமும்

கடலில் ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர்களில் புரோகுளோரோகாக்கஸ் ஒரு கோடி என்றால், டயட்டம் மறுகோடி. பக்கத்தில் வேறு பாக்டீரியா இல்லாமல் இரண்டுக்குமே பிழைப்புக் கடினம். ஆனால் அந்த நிலைக்கு அவை வந்து சேர்ந்த வழிகள் நேரெதிரானவை.

சிலிக்கா ஓடு பூண்ட டயட்டங்களை நுண்நோக்கி வழியாக நெடுங்காலமாகவே மனிதர் அறிவர். ஒரு மைக்ரோமீட்டர்கூட இல்லாத புரோகுளோரோகாக்கஸோ 1980களின் நடுப்பகுதிவரை யாரும் இனங்கண்டிருக்கவில்லை. கலங்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியைக் கப்பலில் ஏற்றிச்சென்றபோதுதான் அது அகப்பட்டது. ஆய்வாளர் சாலி சிஷோமும் சகாக்களும் அதை 1988இல் அறிவித்தனர். உலகில் மிக அதிக எண்ணிக்கையில் வாழும் ஒளிச்சேர்க்கை உயிர் அதுவே என்பது பிறகு தெரிந்தது.

வடக்கிலும் தெற்கிலும் சுமார் 40 பாகை அகலாங்குவரை, சத்துக் குறைந்த வெதுவெதுப்பான நீலக்கடல்தான் அதன் இடம். அங்கே சிக்கனமே உயிர். பாஸ்பரஸை மிச்சப்படுத்தச் சவ்வுக் கொழுப்பில் பெருமளவு கந்தகத்தை வைத்துச் சமாளிக்கிறது. மரபணுவிலும் அதே சிக்கனம்: 2003இல் மரபணுத்தொகுதி வெளியான மெட்4 வகையில் ஏறத்தாழ 1,700 மரபணுக்களே உள்ளன. 2004இல் வெளியான தலாசியோசிரா சூடோநானா என்ற டயட்டத்தில் 11,000க்கும் மேல். டயட்டங்களின் மூதாதை வேறொரு பாசியை விழுங்கித் தன்னுள் வைத்துக்கொண்டது. போதாததற்குப் பாக்டீரியாவிடமிருந்தும் மரபணுக்கள் வந்து சேர்ந்தன. சத்து பொங்கி வரும் குளிர்நீரில் சட்டென்று பெருகும் வாழ்க்கைக்கு இத்தனை சரக்கு பயன்படுகிறது.

புரோகுளோரோகாக்கஸ் உதறியதிலேயே வியப்பானது கேட்டலேஸ். வெயில் பட்ட கடல்நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். அதைச் சிதைக்கும் இந்த நொதி அதனிடம் இல்லை. அந்த வேலையை ஆல்டெரோமோனாஸ் போன்ற பாக்டீரியா செய்கின்றன, அதுவும் தம்மைக் காத்துக்கொள்ளத்தான். நீர் முழுவதும் சுத்தமாவதால் பக்கத்தில் இருக்கும் புரோகுளோரோகாக்கஸும் பிழைக்கிறது. 2012இல் மாரிஸ், லென்ஸ்கி, சின்சர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதற்குக் 'கருப்பு ராணிக் கருதுகோள்' என்று பெயரிட்டனர்: செலவுள்ள வேலையை அக்கம்பக்கத்தார் செய்தால், அதற்கான மரபணுவைக் கைவிடுவது லாபம்.

டயட்டத்தின் உறவு இப்படி ஓசியில் நடப்பதல்ல, கொடுக்கல் வாங்கல். சூடோநிட்ஷியா என்ற டயட்டம் வெளிவிடும் டிரிப்டோபனைக் கொண்டு சல்பிடோபாக்டர் என்ற பாக்டீரியா, செடிகளின் வளர்ச்சி ஊக்கியான இண்டோல் அசிட்டிக் அமிலத்தைத் தயாரிக்கிறது. டயட்டம் வேகமாகப் பிரிந்து பெருகுகிறது. 2015இல் வந்த ஆய்வு இது. எத்தனையோ டயட்டங்களுக்கு பி12 வைட்டமினும் பாக்டீரியா தருவதுதான்.

இத்தனை மரபணு வைத்தும் டயட்டத்துக்குத் தன்னிறைவு இல்லை. புரோகுளோரோகாக்கஸையும் எளிய உயிர் என்று தள்ளிவிட முடியாது: ஒரு கலத்தில் சுமார் 2,000 மரபணுவே இருந்தாலும், அதன் எல்லா வகைகளையும் சேர்த்தால் 80,000க்கு மேல் தேறும் என்பது மதிப்பீடு. மனிதரின் புரத மரபணுக்கள் சுமார் 20,000தான்.

ஆகவே இவற்றைத் தனிக்கலமாகப் பிரித்து வளர்த்துப் பெற்ற முடிவை அப்படியே கடலுக்குப் பொருத்துவது தவறு. எடுத்துக்காட்டாக, கார்பன் டை ஆக்சைடு கூடினால் பாசிக்குக் கொண்டாட்டம் என்று சொல்வதுண்டு. ஆனால் 2018இல் வெளிவந்த சோதனையில் அதைக் கூட்டியபோது ஆல்டெரோமோனாஸ் கேட்டலேஸ் தயாரிப்பைக் குறைத்துக்கொண்டது. அதை நம்பியிருந்த புரோகுளோரோகாக்கஸ் நலிந்தது.