எண்ணிக்கையில் சேராத விளக்கு

நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு எசாயாவின் ஏட்டை வாசித்த காட்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். வாசித்து முடித்தபின் அவர் சுருளை ஏவலரிடம் திருப்பிக் கொடுத்தார் என லூக்கா குறிப்பிடுகிறார் (4:20). அந்த ஏவலரின் பெயரை நற்செய்தியாளர் எழுதவில்லை, நாமும் கேட்டதில்லை. அவருடைய பணிக்கு யூத மக்கள் பின்னாளில் இட்ட பெயர் ஒன்றைப் பற்றி இங்குச் சிறிது சிந்திக்க விழைகிறோம்.

பழங்காலத்தில் அப்பணியாளர் 'ஹஸ்ஸான்' எனப்பட்டார். காலப்போக்கில் அச்சொல் வழிபாட்டை முன்னின்று பாடுபவருக்கு உரியதாயிற்று. பணியாளரைக் குறிக்க 'ஷம்மாஷ்' என்னும் சொல் நிலைபெற்றது. பணிவிடை செய்தல் என்பதே அதன் வேர்ப்பொருள். செருமானியத்தை அடித்தளமாகக் கொண்டு, எபிரேய எழுத்துகளால் எழுதப்பட்டு வளர்ந்த இத்திஷ் மொழி அதனை 'ஷாமெஸ்' என்று தன்வயப்படுத்திக்கொண்டது. இவ்வேர்ச்சொல் நமக்கு முற்றிலும் அயலானதன்று. கேரளத்துச் சிரியக் கிறித்தவர் திருத்தொண்டரைச் 'செம்மாசன்' என அழைப்பது, அதே வேரிலிருந்து சிரியாக் மொழி வழியாக வந்த வழக்கேயாம்.

போலந்து, லித்துவேனியா, உக்ரைன் நாடுகளின் சிற்றூர்களில் ஷாமெஸின் நாள் விடியுமுன்பே தொடங்கும். பனிக்காலத்து இருளில் வீடு வீடாகச் சென்று, மரச்சுத்தியலால் சன்னற்கதவைத் தட்டி, மக்களை வழிபாட்டுக்கு எழுப்பும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. கூடத்தைப் பெருக்குதல், அடுப்பை மூட்டுதல், விளக்கேற்றுதல், நூல்களை ஒழுங்குபடுத்துதல், ரபியின் வழக்குமன்றத்துக்கு ஆள் அழைத்தல் ஆகிய அனைத்தும் அவர் தலையில் விழுந்த பணிகள். ஊதியமோ சொற்பம். ஊரின் பெரியோர் கீழ்த்திசைச் சுவரோரத்து இருக்கைகளில் மதிப்போடு அமர்ந்திருக்க, அவர் ஓடியாடித் திரிந்தார்.

இதே பெயரை அம்மக்கள் ஒரு விளக்குக்கும் இட்டனர் என்பதே நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. அந்தியோக்கு எப்பிபான் தீட்டுப்படுத்திய எருசலேம் கோவிலை யூதா மக்கபே கி.மு. 164-இல் தூய்மைப்படுத்தி மீண்டும் அர்ப்பணித்தார். அதன் நினைவாக எட்டு இரவுகள் கொண்டாடப்படுவது ஹனுக்கா விழா. யோவான் நற்செய்தி (10:22) குறிப்பிடும் கோவில் அர்ப்பண விழா இதுவே. முதல் இரவில் ஒன்று, மறு இரவில் இரண்டு என விளக்குகளை ஏற்றிக்கொண்டே போக வேண்டும் என்பது இல்லேல் என்னும் அறிஞரின் வழியினர் வகுத்த முறை. இவ்வாறு எட்டு இரவுகளில் ஏற்றப்படுபவை 36 விளக்குகள்.

ஆயினும் இவ்விளக்குகளின் ஒளியில் படிக்கவோ வேலை செய்யவோ கூடாது. அவை காண்பதற்கு மட்டுமே உரியவை. எனவே பயன்பாட்டுக்கென வேறொரு விளக்கு வேண்டும் எனத் தல்மூத் கூறுகிறது. அவ்விளக்கே ஷாமெஸ் ஆயிற்று. வழக்கமாக அதுவே முதலில் ஏற்றப்பட்டு மற்றவற்றை ஏற்றுகிறது. யாரேனும் அவ்வொளியில் ஓர் எழுத்தைப் படித்துவிட்டாலும், அது ஷாமெஸின் ஒளி என்று கொள்ளப்படும். உலகியல் பயன்பாட்டைத் தன்மேல் ஏற்று, பிற விளக்குகளின் தூய்மையைக் காக்கிறது அது. மற்றவற்றோடு கலந்துவிடாதிருக்க அதனைச் சற்று உயர்த்தியோ தள்ளியோ வைப்பர். இரவுக்கொன்றாக எட்டு முறை அது எரிந்தாலும், 36 என்னும் கணக்கு 44 ஆவதில்லை.

வாழ்விலும் ஷாமெஸ் இப்படியே கணக்கில் வராதவராய் இருந்தார். அவருடைய உலகமோ அழிக்கப்பட்டது. 1939-இல் இத்திஷ் பேசியோர் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் பேர். நாசிகள் கொன்றொழித்த ஏறத்தாழ 60 இலட்சம் யூதருள் பெரும்பாலோர் அம்மொழியினரே. ஊரும் கூடமும் அழிந்தன. விடியலில் கதவு தட்டிய ஓசையும் அவற்றோடு அடங்கிற்று.

தப்பிப் பிழைத்தோர் பின்னர்த் தங்கள் ஊர்களுக்கென நூற்றுக்கணக்கான நினைவேடுகளைத் தொகுத்தனர். அவற்றில் ரபிமாரும் செல்வரும் இடம்பெறுவது இயல்பே. ஆனால் அந்த ஏழைப் பணியாளரும் பல ஏடுகளில் நினைவுகூரப்படுகிறார். அனைத்தையும் இழந்தவர்கள் தம் ஊரை எண்ணிப் பார்த்தபோது, தங்களை எழுப்பிய அந்தக் கையையும் எண்ணினர்.

பேரழிவு வந்த பின்னரே அவரை நினைக்க வேண்டும் என்பதில்லையே! நம்மிடையே கோவில் கதவைத் திறந்து, திரியேற்றி, எல்லோரும் சென்றபின் விளக்கணைப்பவர் ஒருவர் இருப்பார். அவர் பெயரை நாம் அறிவோமா?