றலி சைக்கிளும் இருபது போளைகளும்

போன சனிக்கிழமை பழைய இரும்புக்காரர் நம்ம தெருவுக்கு வந்தார். பக்கத்து வீட்டுக் காக்கா தன் வாப்பாவின் றலி சைக்கிளை வெளியே உருட்டிக்கொண்டு வந்தார். "முன்சில்லு கரகரங்குது சேர், இனி இது ஓடாது" என்றார். ஒரு மணித்தியாலம் பொறுங்க காக்கா என்று சொல்லி வாங்கி வைத்தேன்.

அந்தக் கரகரப்பு வரும் இடத்துக்கு 150 வருடத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. ஆரம்பகாலச் சைக்கிள்களில் அச்சும் சில்லின் குடமும் நேராகவே உரசித் தேய்ந்தன. 1869இல் பாரிஸைச் சேர்ந்த ஜூல் சூரிரே, இரண்டுக்கும் நடுவே உருளும் போளைகளை வைத்துக் காப்புரிமை எடுத்தார். அதே வருடம் நவம்பரில் பாரிஸிலிருந்து றூவான் வரை நடந்த ஓட்டப்போட்டியில், அப்படிப் போளை வைத்த சைக்கிளில் வந்த ஜேம்ஸ் மூர் வென்றார்.

ஆனாலும் ஒரு குறை. போளைகள் ஒரே அளவாக இருக்கவில்லை. ஒன்று சற்றுப் பெரிதென்றால் பாரம் முழுக்க அதன் தலையில்தான். 1883இல் ஜேர்மனியின் ஷ்வைன்பேர்ட் நகரில் பிரீட்றிக் பிஷர், உருக்குப் போளைகளை ஒரே அளவாக உருட்டி அரைக்கும் இயந்திரத்தைச் செய்தார். சைக்கிள் சாதாரண மனிதனின் வாகனமானதில் இந்த மனிதருக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

நொட்டிங்ஹாமில் றலி வீதியில் இருந்த சிறு பட்டறையை பிராங்க் பவ்டன் 1888இல் கம்பனியாக்கினார். வீதியின் பெயரே சைக்கிளின் பெயரானது. அந்தச் சைக்கிளில்தான் நம்ம ஊரில் மீன் பெட்டி போனது, புடைவைப் பொதி போனது, வாப்பாவும் படிப்பிக்கப் போனார்.

1970 முதல் 77 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. பாண் வாங்கவே வரிசையில் நின்ற காலத்தில் சைக்கிள் சாமானுக்கு எங்கே போவது? வாப்பா சில்லைக் கழற்றி, போளைகளை மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். விளையாட ஒன்றை எடுத்து ஒளிப்போம். அவர் எண்ணி வைத்திருப்பார். முன்சில்லுக்குப் பக்கத்துக்கு 10, பின்சில்லுக்குப் பக்கத்துக்கு 9. அடி விழுந்த பிறகுதான் கணக்கு மனதில் நின்றது.

அந்தச் சைக்கிள்கள் தப்பியதற்கு அதன் அமைப்பே காரணம். கிண்ணம், கூம்பு, நடுவே போளைகள், கொஞ்சம் கிறீஸ். இரண்டு ஸ்பனர் இருந்தால் யாரும் திறக்கலாம். குடத்தின் நடுவில் எண்ணெய் விடவும் ஒரு துளை, அதற்கு மேல் தகட்டு மூடி. இப்போது வரும் பலவற்றில் பெயரிங்கை அப்படியே கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும்.

காக்காவின் குடத்தைத் திறந்தோம். கிறீஸ் மெழுகாக இறுகிக் கிடந்தது. ஒரு பக்கம் 10, மறுபக்கம் 8. பழையதோடு புதிதைக் கலந்தால் பிஷருக்கு முந்திய காலத்துக்கே திரும்பிவிடுவோம், அதனால் இருபதையும் மாற்றினோம், அங்குலத்தில் பதினாறில் மூன்று அளவு. நல்லவேளை, கூம்பில் குழி விழவில்லை. கூம்பை இறுக்கிவிட்டுச் சற்றே தளர்த்த வேண்டும், பூட்டு நட்டை முறுக்கும்போது அதுவும் கொஞ்சம் இறுகும். மூன்று தடவை பிழைத்தது. நாலாவது தடவை சில்லைத் தூக்கிப் பிடித்து விட்டோம். காற்றடிக்கும் வால்வின் பாரத்தாலேயே சில்லு மெல்லத் திரும்பி, இப்படியும் அப்படியும் ஆடி, வால்வு கீழே வந்து நின்றது. வாப்பா பார்க்கும் சோதனை அதுதான்.

காக்கா ஒன்றும் பேசவில்லை. சைக்கிளை உள்ளே உருட்டிக்கொண்டு போனார். 2022இல் பெற்றோல் வரிசையில் இரண்டு நாள் கிடந்தவர் அவர். அப்போதும் இந்தச் சைக்கிள் அவர் வீட்டுப் பின்சுவரில்தான் சாய்ந்து கிடந்தது.

வருகிற சனிக்கிழமை பின்சில்லைத் திறக்கிறோம். கால் அங்குலப் போளை 18 தேவை. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.